கண்ணாடி மேல் வடகம்

மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைத்து ஒரு வாரமாகியும் குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. "நன்னா எரிஞ்சிண்டிருந்த வெந்நீரடுப்பை எதுக்கு இடிச்சேள்?" என்று விஜயம் கேட்டதிலிருந்து வீட்டில் பேச்சில்லை. அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் மாடி ஏறிப் பார்த்த அவள் கணவர் பசுபதி, சிரித்தபடியே இறங்கிவந்து காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார்:

"விஜயம், ஹீட்டரில் கோளாறில்லை. வெயில் விழவேண்டிய கண்ணாடியை என் பழைய வேட்டியால் மூடி நீ தினமும் வடகம் பிழிந்திருக்கிறாய். சாய்ந்த கண்ணாடியிலும் ஒன்றுகூட வழுக்கவில்லை, கெட்டிக்காரி! வேட்டியோடு தரைக்கு மாற்றிவிட்டேன். காக்காய்க்குப் பயந்து கறுப்புக் குடையும் விரித்திருக்கிறேன். ஹீட்டர் மாட்டிய முத்திருளனை வீணாகத் திட்டிவிட்டேன். சமாதானம் சொல்ல அவனியாபுரம் போகிறேன். சாப்பிட எனக்காகக் காத்திராதே."

தாளின் அடியில் நெருக்கி எழுதினார்:

"நாலு வடகம் தின்றேன். ஈரம்தான், ஆனால் உப்பு சரி.

நாளை வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக்கொள். இன்றைய வெயில் ராத்திரி முழுக்க ஹீட்டர் டிரம்முக்குள் உனக்காகக் கண்விழித்திருக்கும். எனக்கு ஒரு வாளி மிச்சம் வை. பேசாமல் வைத்தாலும் போதும்."