தெர்மாகோல் பெட்டியில் அம்மாவின் கிருமி

கருங்குழி
14-7-1999

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை, மஸ்கட் வெயிலில் நீயும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். அம்மா தன் பல் சமாச்சாரத்தைப் போனில் உன்னிடம் மறைத்துவிட்டாள், இப்போது சரியாகிவிட்டதால் முழுக்க எழுதுகிறேன், பயப்படாமல் படி.

பொங்கல் கழித்து அம்மாவுக்கு ஈறு வீங்கி முன்பல் ஆறும் ஆட ஆரம்பித்தன. முதலில் பார்த்த டாக்டர் ஆறையும் பிடுங்கிவிட்டு பல்செட் வைக்கச் சொன்னார். பல்லு போச்சுன்னா பால்வாடி புள்ளைங்களுக்குப் பாட்டு எப்டி சொல்லித் தருவேன் என்று அம்மா அழுதாள், நானும் பிடுங்க ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் சதாசிவம் சொல்லித்தான் செங்கல்பட்டில் மீரா டாக்டரிடம் போனோம். வயசு சின்னதுதான், ஆனால் விஷயம் தெரிந்தவர். எந்தக் கிருமி செய்யும் வேலை என்று தெரியாமல் பல்லில் கை வைக்க மாட்டேன் என்றார். பல்லைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, ஈறுக்கு அடியில் ஊசி போன்ற காகிதக் குச்சியைச் செருகி, ஒட்டிய அழுக்கோடு குட்டி பாட்டிலில் போட்டு இறுக மூடி, தெர்மாகோல் பெட்டியில் வைத்தார். காற்று பட்டால் அந்தக் கிருமி செத்துவிடுமாம், அன்றைக்கே சென்னை லேபில் சேர வேண்டுமாம். வேறு யாரையும் நம்பாமல் நானே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறைமலைநகர் தாண்டியதும் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். இன்னா பெரிசு, பெட்டில மீனா கீது, தொறந்து காட்டு என்றார். என் சம்சாரத்தோட பல்லு அழுக்கு சார், தொறந்தா கிருமி செத்துடும் என்றேன். செத்தா நல்லதுதானே, அதுக்கு இன்னாத்துக்கு பாடிகார்டு என்று அவர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. உயிரோடு போனால்தான் எந்த மருந்துக்குச் சாகும் என்று சொல்ல முடியும் என்று விளக்கினேன். உடனே அவர் டிக்கெட்டின் பின்னால் மீரா டாக்டர் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார், அவருக்கும் ஈறில் ரத்தம் வருகிறதாம். லேப் மூடுவதற்குள் சேர்த்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைக்கு அடங்காத கிருமியாம். வேறு மாத்திரை கொடுத்து, நாலு தடவை வரவழைத்து ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தார். ஒரு பல்தான் போயிற்று, ஐந்தும் இறுகிவிட்டன. போன வாரம் மறுபடி எடுத்துப் பார்த்ததில் கிருமி அநேகமாக இல்லை.

இனிமேல்தான் உன் விஷயம். டாக்டர் என் வாயிலும் எடுத்துப் பார்த்தார், எனக்கும் அதே கிருமி. ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றலாம், பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார். சின்ன வயசில் முறுக்கைத் தான் கடித்து உனக்கு ஊட்டியதை நினைத்து, நான்தான் கொழந்தைக்குக் குடுத்துட்டேன் என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது யார் தப்பும் இல்லை, உன் வயசிலேயே பார்த்துவிட்டால் ஒரு பல்லும் போகாது என்று டாக்டரே அவளுக்கு எடுத்துச் சொன்னார். கிறிஸ்துமஸ் லீவில் நீ துப்பிய பேஸ்ட் சிவந்திருந்ததை நான் பார்த்தேன், பிரஷ் சரியில்லை என்று நீ சமாளித்தாய். பிரஷ் மேல் பழி போடாதே. கடிதம் கிடைத்த வாரமே அங்கே பல் டாக்டரிடம் போ, இந்தக் கடிதத்தில் உள்ளதைச் சொல். உனக்கும் சரியாகிவிடும், எனக்குச் சந்தேகமே இல்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. டாக்டர் சொன்னதை அம்மா பெயருக்கே எழுது, அவள்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

உன் அப்பா,
மோ. ஏசுபாதம்