அம்மா சிரிக்கும் படம்

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தங்கையும் உடம்பளவில் நலம், நீயும் மருமகளும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம் துணிக்கடையில் வியாபாரம் பரவாயில்லை, எதிரே புதிதாக வந்த ரெடிமேட் கடைக்காரன் தள்ளுபடிப் பலகை வைத்து என் ஆட்களை இழுக்கிறான், முதல் துவைப்பு முடிந்ததும் எல்லோரும் என்னிடமே திரும்பி வருகிறார்கள். போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தங்கை பள்ளியில் தான் எடுக்கும் வரலாற்று வகுப்பில் புதிதாக ஒன்று செய்தாள். இப்போது கம்ப்யூட்டரே பழைய போட்டோ மாதிரிப் படம் செய்து தருகிறதாமே, எது ஆதாரம் எது ஜோடனை என்று பார்க்கத் தெரியாமல் பிள்ளைகள் வரலாறு படித்து என்ன பயன் என்பது அவள் வாதம். இணையத்தில் இருக்கிற படமென்றால் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம் வீட்டுப் படத்தையே எடுத்தாள். கடை திறந்த வருஷம் மழைத்தண்ணீர் புகுந்து துணிக்கட்டெல்லாம் நனைந்ததே, அன்றைக்கு அம்மா கல்லாவில் உட்கார்ந்திருந்த படம். அதைக் கொடுத்து கம்ப்யூட்டரில் இன்னொன்று செய்துகொண்டாள். இரண்டையும் வகுப்புச் சுவரில் பெரிதாகக் காட்டி, நேரில் பார்த்த சாட்சி என்று என்னை உட்காரவைத்தாள். எது போலி என்று என்னிடம் சொல்லவில்லை, கூட வாழ்ந்தவருக்குச் சொல்லவும் வேண்டுமா என்று நினைத்திருக்கிறாள். பிள்ளைகள் இரண்டு கட்சியாகி ஒரே சண்டை. ஒரு வாயாடிப் பெண் எழுந்து, "தாத்தா, துணியத் தொட்டே கலப்படத்தக் கண்டுபிடிச்சிடுவீங்களாமே, இதச் சொல்லுங்க பாப்போம்" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. அம்மா நேராகப் பார்த்துச் சிரிக்கிற படத்தை நிஜம் என்று காட்டினேன்.

உன் தங்கை முகம் வெளிறிவிட்டது. நிஜப் படத்தில் அம்மா சிரிக்கவில்லையடா, உதட்டைக் கடித்துக்கொண்டு நனைந்த கட்டுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். துணியின் மேல் மடிப்பை நம்பாதே, பிரித்துப் பார் என்று உன்னைத் திட்டித் திட்டிப் பழக்கியவன் நான். அந்த வாயாடி தணிந்த குரலில், "தாத்தாவே ஏமாந்துட்டாரா டீச்சர்?" என்றது. நேரில் பார்த்தவரும் தவறலாம், அதனால்தான் ஒரு சாட்சியோடு நிறுத்தக் கூடாது என்று சொல்லி உன் தங்கை எப்படியோ பாடத்தை முடித்தாள், வண்டியில் ஏறியதும் அழுதுவிட்டாள். இனி அந்தப் பாடத்தை எடுக்க மாட்டாளாம். நீ பேசி எடுக்கச் சொல். என்னை வைத்துக் கற்றாலும் பிள்ளைகள் கற்றது கற்றதுதான்.

ஏமாந்ததில் எனக்கு வருத்தமில்லை, வியாபாரத்தில் ஏமாறாதவன் யார். உன் அம்மா போய் இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் அவள் முகத்தை விட்டுவிட்டு எனக்குப் பிடித்த முகத்தை எடுத்துக்கொண்டேனே, அதனால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. அந்தப் போலிப் படத்தை அழிச்சிடட்டுமாப்பா என்று உன் தங்கை கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுபடியும் கேட்டாள், அதையேதான் சொன்னேன்.

நீங்கள் மூவரும் நிறைந்த ஆயுளோடு ஒற்றுமையாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, தங்கை உனக்கும் இரண்டு படத்தையும் அனுப்பியிருக்கிறாளாம். குழந்தை பாட்டியைப் பார்த்ததில்லை. சிரிக்கிற படத்தை அதனிடம் காட்டிவிடாதே, மற்றதைக் காட்டு. பாட்டி ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டால், அன்றைக்குச் சிரிக்கிற மாதிரி இல்லை என்று சொல்.

உன் அன்பு அப்பா