மூணு ஓட்டை

வயிற்றில் மூன்று துளையிட்டுக் கர்ப்பப்பைக் கட்டியை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஸ்கேனுக்காகப் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்கும் முன், சிமெண்ட் ஆலைக்குப் போயிருந்த கணவன் அறிவரசனுக்குக் கலையரசி காலண்டர் தாளில் எழுதினாள்:

“சாவி மோட்டார் பெட்டிக்குள்ள. குழம்ப சூடு பண்ணிக்குங்க. தண்ணிக் குடத்த நீங்களே தூக்கி வச்சிடுங்க. சிறுவாச்சூர் கோயில்ல தொட்டில் கட்டணும்னு அத்தை வராங்க. ‘மூணு ஓட்டைதான், ஆறிடுச்சு’ன்னு அவங்ககிட்ட சொன்னது நீங்க. ஓட்டைதான் ஆறிடுச்சு. உள்ள கர்ப்பப்பைத் தையல் ஆற ஆறு மாசமாவும்னு டாக்டர் சொன்னத நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

தனக்குக் கோபம் வரும் என்று சற்று நின்றாள். வரவில்லை. தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

“எடுத்த கட்டிய டாக்டர் வெளிய கொண்டாந்து உங்களுக்குக் காட்டினாராமே. எப்படி இருந்துச்சுன்னு நீங்க எங்கிட்ட சொல்லவே இல்ல.”