ஈரல் வருத்தம் என்று நான் எழுதிய பொய்

என் பாசத்துக்குரிய தங்கச்சி றீற்றா,

உன் மகள் ஷெரினுக்குப் பதினொரு வயதாகிவிட்டது. வருகிற வியாழக்கிழமை அவளுடைய வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். பெற்றோரின் கையெழுத்து வேண்டும். உன் கணவர் படிவத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் மட்டுமல்ல. ஷெரினுக்காக நான் போன பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் சிரித்தாள்: "சாமத்தியப்படாத, வயசுக்கு வராத பிள்ளைக்குக் கர்ப்பப்பை ஊசியோ?"

"வருத்தம் வர முந்திப் போட்டால்தான் அம்மா பலன்," என்றார் மிட்வைஃப்.

"எங்கட வங்காலை ஊரில ஆருக்கு மிஸ் அந்த வருத்தம் வந்தது? ஒராளைக் காட்டுங்கோ பாப்பம்!"

மிட்வைஃப் என்னைப் பார்த்தார். நோயாளியின் பெயரைச் சொல்ல அவருக்கு உரிமையில்லை, எனக்கு இருந்தது. பல்கலைக்கழகம் சென்று படித்த நான், கதிரையில் வாய்மூடி இருந்தேன்.

அந்த ஒராள் நீதான். இரத்தம் போவதை நீ ஒரு வருடம் மறைத்தாய். யாருக்குப் பயந்தாய், றீற்றா? எங்களுக்கா? நீ இறந்த அன்று, மரண அறிவித்தலில் 'ஈரல் வருத்தம்' என்று எழுதிக் கொடுத்தவன் நான். குடும்ப மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்தேன். இந்த ஊரில் இன்னும் எத்தனை பெண்களை இப்படி ஈரலிலும் வயிற்றுக்குத்திலும் புதைத்திருக்கிறோம்?

நேற்று உன் கணவரிடம் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நான் கையெழுத்து வைச்சால் சனம் தோண்டித் தோண்டிக் கேக்கும், மச்சான். நாளைக்குப் பிள்ளையை ஆர் கட்டுவான்?"

"கட்டுறதுக்குப் பிள்ளை உயிரோட இருக்கவேணும்."

"பெரிய கதை கதையாதேங்கோ. ஈரல் எண்டு எழுதினது நானோ, நீங்களோ?"

வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். அவர்மீது வந்த கோபம் பாதி வழியிலேயே என்மீது திரும்பிவிட்டது. பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய் இது. நாங்கள் தடுப்பது ஊசியை.

ஆகவே இந்தக் கடிதத்தை ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பேன். உன் பெயரையும் நோயின் பெயரையும் சேர்த்தே வாசிப்பேன். அதற்கு முன்பே ஷெரினைத் தனியே இருத்தி, தாய் எதனால் இறந்தாள் என்று சொல்லிவிடுவேன். அதை அவள் சனத்தின் வாயால் அறியக்கூடாது. மச்சான் இனி என் முகத்தில் விழிக்காமல் இருக்கட்டும். கையெழுத்தை மட்டும் வைக்கட்டும்.

நீ மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு இப்போது நேரமில்லை, தங்கச்சி. ஞாயிறன்று வாசிக்கும்போது வியாழனுக்கு நான்கு நாட்களே இருக்கும்.

ஷெரினின் மாமன்,
உன் அண்ணன்