ஆறு நூல் சாய்வு

12 பிப்ரவரி 2024, திங்கள்

துறைமுகச் சாலையில் புது வேலை. ஒரு சரக்குக் கம்பெனிக்கு மூன்று மாடி ஆபீஸ். டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பூச்சு வேலைக்கு ஆளே கிடைக்கவில்லை என்று கான்ட்ராக்டர் வன்னியபெருமாள் அண்ணாச்சி புலம்புகிறார். அதனால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் லிங்கராஜ் கொத்தனார். நான் சித்தாள். பதினாறு வருஷமாக அவருக்குக் கலவை போட்டுக் கொடுப்பது நான்தான். வீட்டிலும் வேலையிலும் ஒரே முகத்தைப் பார்க்கிறோம். இரண்டு பேருக்கும் அதில் குறை இல்லை. அல்லது சொல்லிக்கொண்டதில்லை.

சைட்டில் ஏழு பெண்கள். ஏழு பேரும் சித்தாள். இந்தத் தொழிலில் வயதான சித்தாளைப் பார்த்திருக்கிறேன், செத்துப்போன சித்தாளைப் பார்த்திருக்கிறேன். கொத்தனாராகிவிட்ட சித்தாளைப் பார்த்ததில்லை.

எஞ்சினியர் ஒரு பெண். பெயர் ஷெர்லி, நாசரேத்துக்காரி, இருபத்தாறு வயது இருக்கும். சிமெண்ட் லாரிக்காரன் அவளிடமே வந்து, "எஞ்சினியர் எங்கம்மா?" என்றான். "சொல்லுங்க," என்றாள். அவன் இன்னொரு தடவை கேட்டான்.

14 பிப்ரவரி

சைட்டில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. பெட்ரோல் பங்குக்கு நடக்க வேண்டும், பத்து நிமிஷம். இன்று போனபோது எனக்கு முன்னால் எஞ்சினியர் நின்றாள். போகும்போது பேசிக்கொள்ளவில்லை. வரும்போது, "நாளைக்கு எத்தனை மணிக்குப் போவீங்க அக்கா? சேர்ந்தே போவோம்," என்றாள்.

19 பிப்ரவரி

அவருக்குக் கண் சரியில்லை. வேறு எங்கும் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். வீட்டுக் காலண்டரை அடுப்படியில் நின்றுகொண்டு படிக்கிறார். கிட்டே வந்தால் தெரியவில்லை. சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கும்போது, கயிற்றுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரிகிற மாதிரியே தலையை ஆட்டுகிறார். நான் கீழே சட்டியோடு நின்று, "மேல இன்னும் கொஞ்சம் கொடுங்க, கலவை மிச்சம் கிடக்கு," என்பேன். இரண்டு வருஷமாக எங்கள் சுவர்கள் இப்படித்தான் நேராக நிற்கின்றன.

"கண்ணாடி வாங்குவோமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "கண்ணாடி போட்ட கொத்தனார எவன் கூப்பிடுவான்?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

27 பிப்ரவரி, செவ்வாய்

சாத்தான்குளத்தில் ஒரு துட்டி, சொந்தத்தில் சாவு. பத்தரைக்குத்தான் போன் வந்தது, அவர் அப்படியே கிளம்பிவிட்டார். அதற்குள் கலவை போட்டாச்சு. வைத்திருந்தால் இறுகிவிடும். நடு ரூம் வடக்குச் சுவரை நானே பூசினேன்.

எங்கே கற்றுக்கொண்டேன்? வீட்டுக் குளியலறையில், கோழிக்கூட்டில், இவர் டீக்குப் போகும் கால் மணி நேரங்களில். பதினாறு வருஷம் பக்கத்தில் நின்றால் கண் தானாகப் படித்துக்கொள்கிறது. கைதான் தாமதமாக வருகிறது. மட்டப்பலகை போட்டு இழுத்து, கட்டையால் தேய்த்து, நாலு மணிக்கு முடித்தேன். என் கூட இருக்கும் சித்தாள் எமில்டா, புன்னைக்காயல் பிள்ளை, வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, இத வெளிய சொல்லட்டுமா, வேண்டாமா?"

"வேண்டாம்."

28 பிப்ரவரி

அண்ணாச்சி நடு ரூமுக்கு வந்தார். வடக்குச் சுவரைத் தடவிப் பார்த்தார். "ஏலே லிங்கராசு, கை சுத்தம்லே," என்றார். வீட்டுக்காரர், "ம்," என்றார். என்னைப் பார்க்கவில்லை. நான் மணல் சலித்தேன்.

11 மார்ச், திங்கள்

போன வாரம் இரண்டு நாள் என்னை மாடிக்குச் செங்கல் சுமக்க அனுப்பியிருந்தார்கள். அந்த இரண்டு நாளில், நான் அவ்வப்போது இறங்கிக் கலவை மட்டும் போட்டுக் கொடுக்க, அவர் கடைசி ரூமைப் பூசினார், கீழே நின்று சொல்ல ஆள் இல்லாமல். இன்று எஞ்சினியர் ஒவ்வொரு சுவராகத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசி ரூமில் நின்றுவிட்டாள். ஆறு நூல் சாய்வு. எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். அந்தச் சுவரில் கதவு மாட்டினால் அது பாட்டுக்குத் திறந்துகொள்ளும்.

அண்ணாச்சி உடனே, "கலவையிலதான் மேடம் கோளாறு. சித்தாள் தண்ணிய கூட ஊத்தியிருப்பா. பூச்சு இறங்கிட்டு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏளா தங்கத்தாய், நாளைலேர்ந்து நீ வரவேண்டாம்," என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பூச்சுக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

சொல்வார், சொல்வார் என்று நின்றேன்— சொல்லல. ஒரு வார்த்தை. அவ மேல தப்பு இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்? பதினாறு வருஷமா தலையில சுமந்து கொடுத்தேனே, அதுக்கு ஒரு வார்த்தை கிடையாதா?

"கலவையில ஒண்ணும் இல்ல மேடம். சுவருதான் சாஞ்சிருக்கு," என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அதே கலவைதானே நடு ரூமுக்கும்? அது நேரா இருக்கே," என்றாள் எஞ்சினியர்.

"அது நான் பூசினது."

அவர் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். போடவில்லை, வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். பஸ் ஸ்டாப் பக்கம் போகவில்லை. கடல் பக்கம் போனார்.

12 மார்ச்

சோறு வைத்தேன். சாப்பிட்டார். பேசவில்லை.

13 மார்ச்

அதே.

14 மார்ச்

எஞ்சினியர் வீட்டுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். போனேன். "அந்தச் சுவரை நீங்களே உடைச்சுப் பூசுறீங்களா அக்கா?" என்றாள்.

அண்ணாச்சி குறுக்கே வந்தார். "மேடம், ஒரு பொம்பள கரண்டி பிடிச்சா என் கொத்தனாருங்க நிக்கமாட்டாங்க."

"சுவர் நின்னா போதும் அண்ணாச்சி."

உளியும் சுத்தியலும் வாங்கிக்கொண்டேன். அவர் பூசிய சுவரை நானே கொத்தி எடுத்தேன். லேசில் பெயரவில்லை. கலவை அவ்வளவு நல்ல கலவை. மத்தியானம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எமில்டா, "தூசிக்கா, தூசி," என்றாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவே இல்லை.

16 மார்ச், சனி

பூசி முடித்தேன். எஞ்சினியர் அளந்தாள். "ரெண்டு நூல்."

"பரவாயில்லையா மேடம்?"

"பரவாயில்ல. அதுவும் இல்லாம இருந்தா நல்லது."

கொத்தனார்களில் மூத்தவர் செல்வின் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்தார்.

அந்த ரெண்டு நூல் எங்கே போனது என்று பஸ்ஸில் யோசித்தேன். வலது மூலையில் பலகை எட்டவில்லை. நான் அவரைவிட அரையடி குட்டை. சாரத்தை எனக்குத் தகுந்தபடி உயர்த்திக் கட்டியிருக்க வேண்டும். சாரம் எப்போதும் அவர் உயரத்துக்கே கட்டியிருப்பதால் எனக்குத் தோன்றவே இல்லை.

18 மார்ச்

மகளின் பழைய சுடிதார், மேலே அவருடைய பழைய முழுக்கைச் சட்டை. எஞ்சினியர் சொல்லி, வெளிச்சுவர் பூச நானும் சாரத்தில் ஏறினேன். செல்வின், "பொம்பள மேல நின்னா நாங்க கீழ நிக்கமாட்டோம்," என்றார். "அப்போ நீங்க மேல நில்லுங்க, நான் கீழ பூசுதேன்," என்றேன். யோசித்தார். மேலே வெயில். மத்தியானத்துக்குள் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது எல்லாருக்கும் மறந்துபோயிற்று.

25 மார்ச்

வீட்டுக்காரர் பெரியதாழையில் வேலை பிடித்துவிட்டார். வாரம் முழுக்க அங்கேயே தங்கல், சனிக்கிழமை வருவார், திங்கள் காலை போவார். இதை மகள் செல்வராணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை, இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தபால்காரி.

9 ஏப்ரல்

மூன்று தடவை எழுதிக் கேட்டு, பெண்களுக்குக் கக்கூஸ் கட்ட எஞ்சினியர் அனுமதி வாங்கிவிட்டாள். பூச்சும் டைல்ஸும் நான். நாலு டைல் உடைத்தேன். ஏழு பெண்களும் வந்து பார்த்தார்கள். திறப்பு விழா கிடையாது. எமில்டா முதலில் போனாள்.

2 மே

அண்ணாச்சியிடம் கொத்தனார் கூலி கேட்டேன். "உனக்குக் கொடுத்தா மத்த பொம்பளையளும் கேப்பாளுகளே," என்றார். "அவளுகளும் பூசுனா கொடுங்க," என்றேன். சித்தாள் கூலிக்குச் சித்தாள் வேலை என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கலவை போடப் போய்விட்டேன்.

6 மே

மூன்று சுவர் அரைகுறையாக நின்றது. அண்ணாச்சி வந்தார். "சரி, எடு கரண்டிய," என்றார்.

15 ஜூன், சனி

அவர் வந்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"அங்கன ஒரு சுவர இடிக்கச் சொல்லிட்டாங்க."

"எத்தன நூலு?"

"கேக்காத."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்," என்றார்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. ரசம் ஊற்றினேன். மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. ரசம் ஊற்றினேன் என்பது தெரியும்.

6 ஜூலை, சனி

கண்ணாடியோடு வந்தார். "வெயிலுக்கு," என்றார். கண்ணாடியில் கருப்பு எதுவும் இல்லை. "நல்லாத்தான் இருக்கு," என்றேன். சாப்பிட்ட பிறகு காலண்டர் பக்கத்தில் போய் நின்றார். இன்னும் ஜூன் மாதமே தொங்கிக்கொண்டிருந்தது. கிழித்தார்.

5 ஆகஸ்ட், திங்கள்

பனிமயமாதா திருவிழா. ஊரே லீவு. வளையல் கடைப் பக்கம் எஞ்சினியரும் அவள் அம்மாவும் எதிரே வந்தார்கள். "இவங்க தங்கத்தாய் அக்கா. எங்க சைட் கொத்தனார்," என்றாள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாசரேத்தில் டீச்சராக இருந்தவராம். "நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்க. நிழல்ல உக்காந்து பாக்கிற வேலையா பாக்கச் சொல்லுங்க. பொண்ணு கேட்டு வாரவங்கல்லாம் கறுத்துட்டாங்கிறாங்க," என்றார்.

அவர் வருத்தம் நிஜமான வருத்தம். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். என்ன சொல்வது என்று தெரியாமல், "சுவரெல்லாம் வெயில்லதான் இருக்கு டீச்சர்," என்றேன். எஞ்சினியர் வளையலைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

2 செப்டம்பர், திங்கள்

துறைமுக வேலை முடிந்தது. எஞ்சினியரை மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது போன் நம்பரைச் சரிபார்த்துக்கொண்டாள்.

அண்ணாச்சி புது வேலை சொன்னார். புன்னைக்காயலில் வெள்ளத்தில் ஊறிப்போன பொதுக்கூடம். பழைய பூச்சை உடைத்துவிட்டு உள்ளே முழுக்கப் புதுப் பூச்சு. செல்வின் கேரளாவுக்குப் போய்விட்டார். "நீயே நின்னு நடத்து. ஒரு சித்தாளும் ஒரு கொத்தனாரும் தாரேன்," என்றார்.

"யாரு கொத்தனார்?"

"வருவான்," என்றார். வழக்கமாக அண்ணாச்சி ஆள் பெயரோடு அவன் குறைகளையும் சேர்த்துச் சொல்வார்.

9 செப்டம்பர், திங்கள்

அவர் விடியற்காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழக்கம்போல் பெரியதாழைக்கு என்று நினைத்தேன். நான் பஸ் பிடித்துப் புன்னைக்காயல் போய் இறங்கும்போது மணி எட்டு. உள்ளூர்க்காரி எமில்டா ஸ்டாப்பிலேயே நின்று சேர்ந்துகொண்டாள். கூடத்து வாசலில், மணல் குவியல் பக்கத்தில், பையைக் கீழே வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார்.

எமில்டா என்னைப் பார்த்தாள். நான் மணலைப் பார்த்தேன். நல்ல மணல், சலிக்க அதிகம் இல்லை.

கதவைத் திறந்து உள்ளே போனேன். பழைய பூச்சைப் போன வாரமே உடைத்து எடுத்துவிட்டதால் நாலு பக்கமும் செங்கல் தெரிய நின்றது. எமில்டாவைக் கலவைக்கு அனுப்பினேன். சாரத்தை ஆட்டிப் பார்த்தேன். அவர் பின்னாலேயே வந்து கூடத்து நடுவில் நின்றார். கொஞ்ச நேரம் நான்கு சுவர்களையும் சுற்றிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எனக்கு எந்தச் சுவரு?"

வேலைக்கு வந்த ஆள் காலையில் கேட்கிற கேள்வி. எத்தனையோ சைட்டில் எத்தனையோ பேர் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"மேற்குச் சுவரு," என்றேன். "ஜன்னல் பக்கமா ஆரம்பிங்க. வெளிச்சம் இருக்கு."

"சரி," என்றார்.

மூன்று மணிக்குப் போய் அவர் சுவரைப் பார்த்தேன். மேல் மூலையில் ஒரு நூல். ஒரே ஒரு நூல், யாருக்கும் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். பாதி தூரம் வந்து நின்று, மறுபடி போய்ச் சொன்னேன். பார்த்தார். சரிசெய்தார்.