மாலை போட்ட மாதத்து மயக்கம்

9 டிசம்பர் 2024, திங்கள்

கொடைக்கானல் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். மாதா மாதம் உள்ள சோலி. குளோசபைன் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிடலாம். குறைந்தால் சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். அதற்குத்தான் இந்தப் பரிசோதனை. அணு சரியாக இருக்கிறதாம். வீட்டுக்காரி கலைமணி வழக்கம்போல் சீட்டை இரண்டு தடவை படித்த பிறகுதான் பைக்குள் வைத்தாள்.

இதற்கு முன்னால் இரண்டு மருந்து பார்த்தாகிவிட்டது. இரண்டுக்கும் குரல்கள் அடங்கவில்லை. மதுரை டாக்டரம்மா இதை எழுதிக் கொடுத்த பிறகு மூன்று வருடமாகக் காதுக்குள் யாரும் இல்லை. லாரி ஓட்டக்கூடாது என்றார்கள், விட்டுவிட்டேன். பூண்டுக்காடு போதும்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பீடி. பூம்பாறையில் இறங்கியதும் இன்னொன்று. கலைமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே நடந்தாள்.

16 டிசம்பர், திங்கள்

மார்கழி பிறந்தது. வேலப்பர் கோயிலில் மாலை போட்டுக்கொண்டேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடை. தம்பி பழனிக்குமாரும் போட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் பீடிக்கட்டை அடுப்புக்குள் போட்டேன். புருஷனைச் "சாமி" என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று கலைமணிக்குச் சிரிப்பு. விரதத்துக்கு உடம்பு தாங்க வேண்டுமென்று ராத்திரி மஞ்சள், மிளகு போட்ட பால் கொடுத்தாள். அதோடு மாத்திரை.

24 டிசம்பர், செவ்வாய்

தூக்கம். பகலிலும். களை எடுக்க உட்கார்ந்தவன் வரப்பிலேயே சாய்ந்துவிட்டேன். பனி என்கிறாள் கலைமணி. பனி எனக்குப் புதிதா?

29 டிசம்பர், ஞாயிறு

தலையணை முழுக்க எச்சில். இந்த மாத்திரைக்கு எச்சில் ஊறும், தெரிந்ததுதான். ஆனால் இவ்வளவா? காலையில் டீ கிளாஸ் கையை விட்டு எகிறிப் போய் விழுந்தது. நான் நழுவவிடவில்லை. கை தானாக வெட்டி இழுத்தது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. வயிறும் சரியாகப் போகவில்லை.

அதே மாத்திரைதான், அதே அளவுதான் என்கிறாள் கலைமணி. அப்படியென்றால் உடம்பு ஏன் வேறு சொல்கிறது?

2 ஜனவரி 2025, வியாழன்

பஜனையில் எல்லார் முன்னாலும் விழுந்தேன். எழுந்து பேச வாயெடுத்தால் நாக்கு குழறுகிறது. பழனிக்குமார் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். குனிந்து என் வாயை முகர்ந்து பார்த்தான். என் கூடப்பிறந்தவன்!

"அண்ணே, மாலையப் போட்டுக்கிட்டு இதெல்லாம் அடுக்குமா? ஊரு சிரிக்குது."

"நான் குடிக்கலடா."

"பின்ன ஏன் இப்படி தள்ளாடுறீங்க?"

எனக்கு மட்டும் தெரியுமா?

3 ஜனவரி, வெள்ளி

நிதானமாக யோசிக்கிறேன். மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார்? கலைமணி. மாலை போட்ட நாளிலிருந்துதான் பால். மாலை போட்ட பிறகுதான் மயக்கம்.

இதைக் கண்டுபிடித்தது நானா, என் நோயா?

5 ஜனவரி, ஞாயிறு

பழனிக்குமார் வேலிப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். "மேட்டுக்காட்ட காட்டேஜுக்கு விட்டுரலாம் சார். அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்." மேட்டுக்காடு என் பங்கு. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினான்.

ஓஹோ.

6 ஜனவரி, திங்கள்

மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து, கொல்லையில் துப்பினேன். பாலைச் சாக்கடையில் கொட்டினேன். கலைமணி காலி டம்ளரைப் பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தாள். ஏன் பார்த்தாள்?

படுத்தால் தூக்கம் வரவில்லை. குரல் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறேன். வரவில்லை. அப்படியானால் சந்தேகப்படுவது நான்தான், சுயபுத்தியோடு. ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்ல? சந்தேகம்தான் என் வியாதி என்று ஊருக்கே தெரியும். உண்மையாகவே எவனாவது எனக்கு விஷம் வைத்தாலும், "மாத்திரை போட்டியாப்பா?" என்றுதானே கேட்பார்கள்!

7 ஜனவரி, செவ்வாய்

கேட்டுவிட்டேன். அடுப்படியில் வைத்து, நேராக.

"எனக்கு எத்தன மாத்திரை குடுக்குற?"

"எப்பவும் குடுக்குறதுதான் சாமி."

"பொய் சொல்லாத. பால்ல என்னத்தக் கலக்குற? தம்பியும் நீயும் சேந்து மேட்டுக்காட்ட வித்துத் தின்னலாம்னு பாக்குறீங்களா?"

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு வெள்ளனே மொத பஸ்ஸு. மதுரைக்குப் போயி டாக்டரம்மாவப் பாப்போம். ரத்தத்துல தெரிஞ்சுருமில்ல?"

மறுக்கவே இல்லை. இவ்வளவு சுளுவாக டாக்டரிடமே கூப்பிடுகிறாள் என்றால் அதிலும் ஏதோ இருக்கிறது. டாக்டரம்மாவும் இவர்கள் ஆளோ?

போகிறேன். வாயால் சொல்வதை யாரும் நம்பாவிட்டால் ரத்தம் சொல்லட்டும். அதற்காகவே இன்றைக்கு மாத்திரையைத் துப்பாமல் விழுங்கினேன்.

8 ஜனவரி, புதன்

வரிசையாக எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

அவள் கட்டிக்கொண்டு வந்த இட்லியை நான் தொடவில்லை. வத்தலக்குண்டில் இறங்கி வாழைப்பழம் வாங்கித் தின்றேன். தோலுக்குள் யாரும் எதையும் கலக்க முடியாது.

டாக்டரம்மாவிடம் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். "இவ எனக்கு மருந்தக் கூட்டிக் குடுக்குறா. ரத்தத்தப் பாருங்க."

அவர் சிரிக்கவும் இல்லை, கலைமணியைப் பார்த்துக் கண்ணைக் காட்டவும் இல்லை. நாடி பிடித்தார். கையை நீட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார். அப்புறம், "உங்க உடம்புல மருந்து கூடித்தான் இருக்கும்னு எனக்கும் தோணுது, சிவராமன்" என்றார்.

நான் சொன்னதை ஒருவர் நம்பிவிட்டார். ஜெயித்துவிட்ட மாதிரி கலைமணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நான் கூட்டிக் குடுக்கலம்மா," என்றாள். "இவருதான் எனக்குத் தெரியாம அள்ளிப் போட்டுக்கிறாரோன்னு பயந்துக்கிட்டுக் கெடக்கேன். எல்லாத்தையும் எடுத்து அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். ராத்திரி தூங்குறதே இல்ல. இவரு மூச்சு விடுறாரான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவளும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த ராத்திரிகளில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் பொதுவாகக் கேட்டார். "கொஞ்ச நாளா என்ன மாறியிருக்கு? வேற மாத்திரை ஏதாவது? காய்ச்சல்? காபி நிறைய குடிக்கிறீங்களா? பீடி?"

"பீடிய விட்டுட்டேன். மாலை போட்டிருக்கேன்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

பீடிப் புகை உடம்புக்குள் போனால் ஈரல் இந்த மருந்தை வேகமாகக் கரைத்துவிடுமாம். எனக்கு அளவு வைத்தது பீடிக்காரன் உடம்புக்கு. புகை நின்றதும் கரைவது குறைந்து, அதே மாத்திரை உடம்பில் தேங்க ஆரம்பித்துவிட்டது. தூக்கம், எச்சில், நாக்குக் குழறல், கை வெட்டி இழுத்தது எல்லாம் அதனால்தான். இன்னும் ஏறியிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்.

"அப்ப பீடி நல்லதா டாக்டர்?"

"நுரையீரல்கிட்ட கேளுங்க அத. விட்டது விட்டதாவே இருக்கட்டும். மாத்திரையத்தான் குறைக்கணும், அதையும் நான் குறைக்கணும். நீங்களா நிறுத்தக்கூடாது."

ஒரு ராத்திரி துப்பியதைச் சொன்னேன். ஒரு வேளையோடு போயிற்று என்றார். இரண்டு நாளுக்கு மேல் விட்டிருந்தால் பழைய அளவில் திரும்ப ஆரம்பிக்கவே முடியாதாம். அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டுமாம். இதயத் துடிப்பைப் படம் எடுத்தார்கள். மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுத்தார்கள். வயிறு போகாததைச் சொன்னதும்தான் அவர் முகம் மாறியது. இந்த மருந்துக்குக் குடல் அப்படியே நின்றுபோய் உயிரே போகலாம், இனி வெட்கப்படாமல் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்றார். வயிற்றுக்கு மருந்து கொடுத்து, மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதினார்.

பஸ்ஸில் திரும்பினோம். பண்ணைக்காடு தாண்டும்போது அவள் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, அடித்துப் போட்டதுபோல.

9 ஜனவரி, வியாழன்

காரணம் தெரிந்துவிட்டது. சந்தேகம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. மாத்திரை எடுக்கும் அவள் விரலையே பார்க்கிறேன். அவள் என் தொண்டையைப் பார்க்கிறாள். யார் மேலாவது குற்றம் இருந்திருந்தால் கோபப்பட்டாவது தீர்த்திருக்கலாம்.

இன்று முதல் அட்டையிலிருந்து நானே பிரிப்பது, அவள் முன்னால் விழுங்குவது என்று பேசிக்கொண்டோம்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். நாக்கு நேராகிவிட்டது. பழனிக்குமாரிடம் காட்டேஜ் பற்றிக் கேட்டேன். ஆமாம் என்றான், கேட்கத்தான் இருந்தானாம். முடியாது என்றேன். "சரிண்ணே" என்று கரும்பை ஒடித்துக் கையில் கொடுத்தான். வாயை முகர்ந்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

22 ஜனவரி, புதன்

மதுரையிலிருந்து போன். அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டியதைவிட ரொம்பவே கூடுதலாம். போனை வைத்துவிட்டுக் கலைமணி அடுப்படியில் போய் நின்று அழுதாள். அன்றைக்கு அழாததையும் சேர்த்து.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். நடக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பஸ்ஸில் போய், படியேறிக் கும்பிட்டேன். மற்றவர்கள் கால் வீங்கி வந்தார்கள். பொறாமையாக இருந்தது.

மாலையைக் கழற்றியதும் அடிவாரத்தில் பழனிக்குமார் பீடி பற்ற வைத்தான். பீடிக்கட்டை என் பக்கம் நீட்டியவன், சட்டென்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டான். மறுபடி பிடிக்க ஆரம்பித்தால் மருந்து குறைந்து குரல்கள் திரும்பலாம். அதையும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டுமாம். பீடிக்கு டாக்டரிடம் உத்தரவு கேட்கிற ஆள் இந்த மலையிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

கேட்கவில்லை. பிடிக்கவும் இல்லை.

4 மார்ச், செவ்வாய்

பூண்டு பிடுங்குகிறோம். மழையில் நனைந்ததில் கலைமணிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மெடிக்கலில் மாத்திரை வாங்கிவந்து, அட்டையில் உள்ளதை வெளிச்சத்தில் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, ஒன்றைப் பிரித்து எடுத்துப் போனேன். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள். உள்ளங்கையில் வைத்தேன். என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீருக்கு மறுபடி கையை நீட்டினாள்.