வாசல்வரை தள்ளுகிறவள்

டுலூத்,
3 ஜூன் 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். உங்கள் கப்பல் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு அடியில் போனபோது கையை ஆட்டினேன். நீங்கள் கப்பல் சமையலறையில் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாத வேலை கிடைத்துவிட்டது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க மார்க் மட்டும் போதாது, நோயாளிகளோடு பழகிய அனுபவமும் வேண்டும் என்றேனே, அதற்குத்தான். என்ன வேலை தெரியுமா? குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசல்வரை தள்ளுவது. ஓடக்கூடியவரானாலும் உட்கார்ந்துதான் போகவேண்டும், அது இங்கே விதி. நேற்று ஒரு கால்பந்து வீரன், "உன்னைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கு. நீ உக்காரு, நான் தள்ளுறேன்" என்றான்.

என்னோடு படிக்கும் பெத்தானி ஆப்பரேஷன் தியேட்டரில் நின்று இதயத்தையே பார்த்துவிட்டாள். நான் பார்ப்பதெல்லாம் பிடரிகள்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோரும் மனதில் உள்ளதைக் கொட்டுகிறார்கள், டாக்டரிடம் சொல்லாததைக்கூட. அதைக் கேட்டு எனக்கு என்ன பயன்? விண்ணப்பத்தில் என்னத்தை எழுதுவேன்? மாதக் கடைசியில் இதையும் விட்டுவிட்டு, டாக்டர் ஆசையையும் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
இல்மா


கிளீவ்லண்ட் துறைமுகம்,
15 ஜூன் 1994

என் டாக்டர் மகளுக்கு,

நீ ஆஸ்பத்திரியில் இருப்பதைக் கப்பல் முழுக்கச் சொல்லிவிட்டேன். நாற்காலி விஷயத்தை மட்டும் கொஞ்சம் விழுங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு வருகிறவன் எல்லாம் நோயாளிதான். கேப்டனுக்கு மழைக்கு முன்னால் முழங்கால் வலிக்கிறதாம். வானொலியைவிட அதுதான் வானிலையைச் சரியாகச் சொல்கிறது, அதனால் அவசரப்பட்டுக் குணப்படுத்திவிடாதே. இன்ஜின் அறை டெல்பர்ட்டுக்கு முதுகில் சொறி. சட்டையைக் கழற்றிக்கொண்டு, "நல்லாப் பாத்து எழுதுங்கண்ணே. பொண்ணு மாத்தி மருந்து குடுத்துடப் போகுது" என்கிறான், என் பட்டாணி சூப்புக்கு நேர் மேலே நின்று. சீக்கிரம் பதில் போடு, என் மானத்தைக் காப்பாற்று.

வேலையை விடாதே. நானும் முதல் வருடம் முழுக்க வெங்காயம்தான் உரித்தேன்.

அன்புடன்,
அப்பா ஆர்னே

பின்குறிப்பு: என் பல்செட் கீழ்த்தாடையில் அழுத்துகிறது. உருளைக்கிழங்கு மூட்டையோடு படி ஏறினால் வலி, உட்கார்ந்தால் போய்விடுகிறது. செட்டைக் கழற்றிவிட்டு ஏறினேன், அப்போதும் வலிக்கிறது. உனக்குத் தெரிந்த பல் டாக்டர் உண்டா?


டுலூத்,
18 ஜூன் 1994

அப்பா,

கேப்டனின் முழங்கால் கிடக்கட்டும். உங்கள் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. செட்டையும் கழற்றிய பிறகு அங்கே வலிக்க என்ன இருக்கிறது?

நான் டாக்டர் இல்லை, நாற்காலி தள்ளுகிறவள். ஆனால் போன வாரம் இதய ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன ஒரு தச்சர் வழியில் சொன்னார்: "நெஞ்சு வலிக்கவே இல்லம்மா. தாடைதான். படி ஏறினா வலிக்கும், நின்னா விட்டுடும். பல்லுன்னு நினைச்சு நல்ல பல்லைப் புடுங்கிட்டு வந்தேன்." இதய டாக்டரை நடைபாதையில் மறித்து உங்கள் பின்குறிப்பைப் படித்தேன். முடிக்கவே விடவில்லை. "யாரு அது? உடனே வரச் சொல்லு" என்றார்.

கப்பல் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டேன், கேப்டனுக்கு வானொலியில் சொல்வார்கள். நீங்கள் "ஒண்ணுமில்ல, வாயு" என்று மழுப்புவீர்கள் என்று தெரியும். அதனால்தான் ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு ஏற சூ மதகில் கப்பல் நிற்கும்போது கையில் கிடைக்கும்படி இந்தக் கடிதமும். உட்கார்ந்தும் வலி நிற்காவிட்டால் அங்கேயே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லாவிட்டால் புதன்கிழமை இங்கே துறைமுகத்தில் நாற்காலியோடு நிற்பேன்.

மூட்டையைத் தொடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா.

இல்மா


நான்காவது மாடி,
29 ஜூன் 1994

அன்பு இல்மா,

நீ இதே கட்டடத்தில்தான் இருக்கிறாய். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் பேசினால் அழுதுவிடுவேன், பக்கத்துக் கட்டில்காரர் ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

இதயத்தில் மூன்று குழாய் அடைத்திருந்ததாம். இன்னும் ஒரு மூட்டை தூக்கியிருந்தால் சமையலறையிலேயே கதை முடிந்திருக்கும் என்றார் டாக்டர். ஆப்பரேஷனின்போது என் இதயத்தைப் பெத்தானி பார்த்தாளா என்று கேட்டுச் சொல். நன்றாக இருந்ததா என்றும் கேள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்றாயே, என்னைப் பற்றி எழுது. பல்லே இல்லாத ஆளுக்கு வந்த பல்வலியை எழுது. ஆனால் சூப் நன்றாக வைப்பார் என்றும் ஒரு வரி சேர்த்துவிடு. டெல்பர்ட் இன்னும் சொறிந்துகொண்டுதான் இருக்கிறான். நீ டாக்டராகும்வரை பொறுத்துக்கொள்வானாம்.

நாளைக்கு என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நானே நடந்து போவேன் என்று நர்ஸோடு மல்லுக்கு நின்றேன். "உங்க பொண்ணுதான் தள்ளப் போறா. வேணாமா?" என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

நீ பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கோடையும் நான் ஏரியில் கப்பலோடு இருந்துவிட்டேன். உன்னோடு பேசவேண்டியதையெல்லாம் சூப் சட்டியோடு பேசியிருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மனதில் உள்ளதெல்லாம் வந்துவிடும் என்று நீதானே எழுதினாய்?

மெதுவாகத் தள்ளு.

உன் அப்பா,
ஆர்னே